வெயிலில் அணைந்த பல்பு

எங்கள் அறிவியல் கூடத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவள் பெயர் தெரியாது. "கரண்ட் அக்கா எங்கே?" என்று கேட்டால் போதும், வாட்ச்மேன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவார். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் ஒருநாள் மேனேஜரே வாய் தவறி, வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் "எங்க கரண்ட் அக்கா விளக்குவாங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

நான் டிக்கெட் கிழிக்கிறவள். என் மேசை ஆற்றல் கூடத்தின் கதவை ஒட்டிக் கிடக்கிறது. கதவோ ஒழுங்காக மூடாது. அதனால் அவள் பேசுவது முழுக்க, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், என் காதில் வந்து விழும். இன்றைக்கு என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். புரிந்துதான் ஒப்பிக்கிறேனா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

முதலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள். ஒரு வருஷம் முடிவதற்குள் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா ஏற்கனவே இல்லை. தங்கச்சி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். படிப்பை மூட்டை கட்டிவிட்டு டிக்கெட் கிழிக்க வந்தாள். உள்ளே விளக்கம் சொல்ல ஒருவர் இருந்தார். தாளைப் பார்த்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசிப்பார். பிள்ளைகள் தூங்கி வழியும். ஒருநாள் அவர் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். போனதை மேனேஜருக்குச் சொல்ல மறந்துவிட்டார். வாசலில் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கிறது. மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவள் எழுந்து, "நான் சொல்றேன் சார்" என்றாள். அந்தக் கதவு வழியாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அத்தனையும் மனப்பாடம். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்கப்புறம் அவள் இந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை. நான் வந்து உட்கார்ந்தேன்.

கூடத்துக்குள் நான்கு மேசைகள். முதல் மேசையில் தண்ணீர். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு சின்னச் சக்கரம். குழாயைத் திறந்தால் தண்ணீர் சக்கரத்தின் மேல் விழும், சக்கரம் சுற்றும், அதோடு சேர்ந்து சுற்றுகிற காந்தம் செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் ஓடும், ஒரு பொட்டு விளக்கு எரியும். அவ்வளவுதான். காந்தம் நகர்ந்தால் கம்பியில் கரண்ட் வரும். பெரிய அணையிலும் இதே கதைதான், அங்கே சக்கரம் வீடு உயரத்துக்கு இருக்கும். கீழே விழுந்த தண்ணீர் ஒரு வாளியில் சேரும். கூட்டிப் பெருக்குகிற அம்மா வந்து அதை மேலே தூக்கி ஊற்றுவார். "நிஜத்துல இந்த வாளியைத் தூக்கி ஊத்தறது யாரு?" என்று அக்கா கேட்பாள். பிள்ளைகள் முழிக்கும். "சூரியன்தான். கடல் தண்ணியை ஆவியா தூக்கிட்டுப் போய் மலை மேல மழையா கொட்டறான். சம்பளமே வாங்காம வேலை பாக்கற ஆளு அவன் ஒருத்தன்தான்." கூட்டிப் பெருக்குகிற அம்மா "நானும் ஏறக்குறைய அப்படித்தான்" என்று முணுமுணுப்பார்.

இரண்டாவது, காற்று. மேசை மின்விசிறி ஒன்று ஊதும், எதிரே பொம்மைக் காற்றாலை சுற்றும். எந்தக் கூட்டத்திலும் ஒரு வாண்டு கேட்டுவிடும், "அந்த ஃபேன் எதுல ஓடுது?" என்று. அக்கா கொஞ்சமும் அசரமாட்டாள். "கரண்ட்லதான். ஒரு குடம் கரண்டைக் கொட்டி ஒரு டம்ளர் எடுக்கறோம். வெளியில போய் இப்படிப் பண்ணிடாதீங்க" என்பாள். காற்றை உண்டாக்குவதும் வெயில்தான் என்பாள். தரை ஒரு பக்கம் அதிகமாகச் சூடாகும், அங்கே இருக்கிற காற்று லேசாகி மேலே போகும், அந்த இடத்துக்கு வேறு பக்கத்துக் காற்று ஓடிவரும். அந்த ஓட்டத்தின் குறுக்கே இறக்கையை நீட்டினால் சுற்றாமல் என்ன செய்யும்?

மூன்றாவது, சாணமும் மிச்சம் மீதியும் போட்டு மூடிய கண்ணாடி ஜாடி. காற்றே புகாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று வாயு விடும், அந்த வாயுவில் அடுப்பெரிக்கலாம். "யாரு விட்ட வாயு?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, கூடமே சிரிக்க, அக்கா அது அடங்கும்வரை காத்திருப்பாள். பூமிக்கு அடியில் இருக்கிற சூட்டையும், நிலா இழுத்து ஏற்றி இறக்குகிற கடலையும் வாயாலேயே சொல்லிவிடுவாள். அவற்றுக்கு மாதிரி செய்ய மேனேஜர் காசு கொடுக்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும்கூடப் பழைய வெயில்தான், மண்ணுக்குள் நெடுங்காலம் அமுங்கிக் கிடந்தது, நாம் எரித்தால் அவ்வளவுதான், நம் ஆயுசுக்குள் திரும்ப வராது. மற்றவை எடுக்க எடுக்க வரும். அதனால்தான் அவற்றுக்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று பெயர். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிதானப்படும்.

கடைசி மேசை சூரியன். அவளுக்குச் செல்லமான மேசை. ஜன்னலோரம் ஒரு சோலார் தகடு, அதிலிருந்து இரண்டு கம்பி, கம்பியின் முனையில் ஒரு பல்பு. "இந்தத் தகடுக்குள்ள சிலிக்கான்னு ஒண்ணு ரெண்டு அடுக்கா இருக்கு. அதுக்குள்ள எலக்ட்ரான்னு குட்டிக் குட்டித் துகளுங்க. பஸ் வாசல்ல தொங்கற ஆளுங்க மாதிரி நகராம நிக்கும். வெளிச்சம் வந்து, 'உள்ள போ, உள்ள போ'ன்னு கண்டக்டர் மாதிரி தள்ளும். போனவங்க திரும்பி வர முடியாது, ஒரே வழிக் கதவு. அதனால கம்பி வழியா சுத்திக்கிட்டுதான் வரணும். அப்படிச் சுத்தி வர்றதுதான் கரண்ட்." தகட்டின் மேல் கையை வைப்பாள், பல்பு மங்கும். கையை எடுப்பாள், எரியும். "சத்தம் இல்லை, புகை இல்லை. வெயில் இருந்தா கரண்ட் இருக்கு." இங்கே கைதட்டல் வரும். வராவிட்டால் டீச்சர் ஆரம்பித்து வைப்பார்.

வெயில் இருந்தால் கரண்ட் இருக்கு. அந்த மேசையைப் பொறுத்தவரை அதில் ஒரு எழுத்து பிசகு கிடையாது.

ஊருக்கெல்லாம் சோலார் சொல்லித் தருகிறவள் வீட்டில் ஒரு தகடு கிடையாது. அவள் இருந்தது வாடகை வீட்டு மாடி. அதற்கு மேலே இருக்கிற மொட்டைமாடி வீட்டுக்காரர் பூட்டு போட்ட சொத்து. துணி காயப்போடவே கெஞ்ச வேண்டும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேசை மேல் இருந்த தகடும், இரண்டு கம்பியும், பல்பும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அதுவும் தெரியாது.

அக்காவின் சம்பளத்தில் படித்து வளர்ந்தவள் தங்கச்சி. கல்யாணமாகி ஊருக்கு வெளியே போனாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, முட்டை பொரிக்கிற பொறிகள் இரண்டு வாங்கி வைத்து, சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளுக்குக் கோழிக்குஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறை அக்காவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பீரோ மாதிரி இருக்கும். உள்ளே தட்டுத் தட்டாக முட்டை, கோழி அடைகாக்கிற அதே சூடு, தட்டுகள் தாமாகவே சாய்ந்து சாய்ந்து நிமிரும். மூன்று வாரம் அந்தச் சூடு குறையாமல் இருந்தால் குஞ்சு. குறைந்தால் ஒன்றுமில்லை. தங்கச்சி கதவின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே பார்ப்பாள். அப்போது அவள் புருஷன் கூப்பிட்டால்கூடக் காதில் விழாது.

அவளுக்கு ஒரு வழக்கம். எதுவாக இருந்தாலும், "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்பாள். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, கதவுக்கு என்ன நிறம் அடிப்பது, மாமியாருக்கு எந்த டாக்டர், எல்லாம் அக்காவிடம் கேட்டுத்தான். அவள் புருஷன் பொறுமைசாலி. "உங்க அக்காவுக்கு ஒரு நாற்காலி வாங்கி இங்கயே போட்டுடலாம்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாராம். அக்காவோ, பிள்ளைகள் முன்னால் எவ்வளவு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாலும், தங்கச்சியின் போன் என்றால் எடுத்துவிடுவாள். மேனேஜர் இருமுறை கண்டித்தார். "என் தங்கச்சி சார்" என்றாள், அதுவே பெரிய காரணம் மாதிரி. அவரும் விட்டுவிட்டார்.

தங்கச்சி இருக்கிற பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். அதற்காகக் கொட்டகை ஓரத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர். அது ஓடினால் பேச முடியாது, மூச்சு விட முடியாது. தங்கச்சிக்கு இருமல் வந்து நிற்காமல் போனது. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு முகமே சரியில்லை. "அந்தச் சனியனை முதல்ல தொலைச்சாத்தான் அவ பிழைப்பா" என்றாள் என்னிடம். அதிலிருந்து ஒரே பிடியாகப் பிடித்தாள். கூரையில் சோலார் போடு, ஜெனரேட்டரை வித்துடு. வாரம் தவறாமல் சொன்னாள். பயந்தது தங்கச்சியின் நெஞ்சுக்காகத்தான். அந்தப் பயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தங்கச்சியும் ஒருவழியாகச் சம்மதித்தாள். தகடு போடுகிற கடைக்காரர் கூரையை அளந்து பார்த்துவிட்டு, பேட்டரியும் வேண்டுமா என்று கேட்டார். அவள் வழக்கம்போல, அக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அங்கிருந்தே போன் போட்டாள்.

அன்றைக்கு இரண்டு பஸ் பிள்ளைகள் ஒன்றாக வந்து இறங்கியிருந்தன. கூடம் பிதுங்கி வழிந்தது. அக்கா சூரியன் மேசைக்கு வந்திருந்தாள். போன் அடித்தது. எடுத்தாள். பிள்ளைகளை மறந்துவிடாமல் அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"பேட்டரி எதுக்கும்மா? பகல்ல மிஞ்சற கரண்ட் தெருக் கம்பத்து லைனுக்குப் போகும். ராத்திரி லைன்ல இருந்து வாங்கிக்கோ. லைனே உனக்குப் பேட்டரி."

அந்தப் பக்கம் தங்கச்சி ஏதோ கேட்டாள். லைன் போய்விட்டால் என்ன செய்வது என்றாளாம்.

"வெயில் அடிக்கறப்ப லைன் போனா உனக்கென்ன? உன் கூரை மேல சூரியன் இல்லையா?"

பிள்ளைகள் கைதட்டின. அக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டேன். நல்ல பதிலாகத்தான் இருந்தது.

பேட்டரி இல்லாமல் தகடு ஏறியது. ஜெனரேட்டரை விற்றார்கள். விற்றது கடைக்காரருக்குத் தெரியாது. ஜெனரேட்டர்தான் இருக்கிறதே, பேட்டரி எதற்கு என்று இவர்கள் நினைப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். தங்கச்சியின் இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. அக்கா அதை என்னிடம் சொன்னபோது டீக்கு அவள்தான் காசு கொடுத்தாள். அந்த நாட்களில் கரண்ட் இரண்டு முறை போனதாம், இரண்டும் இருட்டின பிறகு. இருட்டில் சோலார் வேலை செய்யாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பொறியின் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சில மணி நேரம் சூடு தாங்கும். அதற்குள் லைன் வந்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு அந்தப் புயல். ஒரு சாயங்காலம் அடித்து ஓய்ந்தது. மரங்கள் லைன் மேல் விழுந்து கிடந்தன. ராத்திரி முழுக்கத் தங்கச்சியும் அவள் புருஷனும் பொறியைக் கம்பளியால் சுற்றிக் காப்பாற்றினார்கள். விடியட்டும், விடிந்தால் கவலையில்லை என்று அவர்களுக்கு ஒரு தைரியம். விடிந்தது. கழுவி விட்ட மாதிரி வானம், பளீரென்று வெயில். தகடுகள் பளபளவென்று கிடந்தன. பொறி மட்டும் ஓடவில்லை. தகட்டோடு சேர்த்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு.

அக்காவுக்குப் போன் வந்தபோது நாங்கள் கூடத்தைத் திறந்துகொண்டிருந்தோம். வெயில் நன்றாக அடிக்கிறது அக்கா, கரண்ட் வரவில்லை என்றாளாம். அக்கா பதறவில்லை. சுவிட்ச் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னாள். தகட்டில் இலை விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். துடைக்கச் சொன்னாள். தங்கச்சி ஏணி வைத்து ஏறித் துடைத்தாள். கம்பியைக் கழற்றி மாட்டச் சொன்னாள், புருஷன் கழற்றி மாட்டினார். மத்தியானம்வரை இதே கதைதான். அக்கா பிள்ளைகளுக்கு நடுவில் வெளியே வருவாள், பேசுவாள், உள்ளே போவாள். கடைசியில் கடைக்காரரின் போன் கிடைத்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லைன் வந்தால்தான் அது ஓடும் என்றார். அதனால்தான் பேட்டரி வேண்டுமா என்று கேட்டேன் என்றார்.

தகட்டிலிருந்து வருகிற கரண்ட் ஒரே பக்கம் ஓடுவது. வீட்டுக் கரண்டோ முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருவதுதான் சுவரில் இருக்கிற பெட்டி. அந்தப் பெட்டி லைனைப் பார்த்து, லைன் போடுகிற தாளத்துக்கே தானும் போடும். லைன் செத்தால் பெட்டியும் உடனே நின்றுவிடும். கெட்டுப்போய் அல்ல, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். லைன் போனால் வெளியே ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். கம்பியில் உயிர் இல்லை என்று நம்பி வெறுங்கையால் தொடுவார். அந்த நேரத்தில் இந்தக் கூரையிலிருந்து கரண்ட் வெளியே பாய்ந்தால் அந்த ஆள் அதோடு முடிந்தார். அதனால் நிற்கிறது. வீட்டில் பேட்டரியும், லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துவிடுகிற சுவிட்சும் இருந்தால் மட்டும், லைன் இல்லாமலே வீட்டுக்குள் ஓட்டிக்கொள்ளலாம். எங்கள் கூடத்து மேசை மேல் இருந்த தகட்டுக்கு லைனும் இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டு கம்பி, ஒரு பல்பு. அது ஏன் அணையப்போகிறது?

ஜெனரேட்டர் வாடகைக்குக் கொண்டுவரலாம் என்றால் ரோடெல்லாம் மரம். அன்று ராத்திரியும் போய், மறுநாள் உச்சிவெயிலில்தான் லைன் வந்தது. பொரிப்பதற்கு ஓரிரு நாளே இருந்த முட்டைகள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் அக்கா போனாள். நானும் கூடப் போனேன், அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தங்கச்சி உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒன்றில் உயிர் இருக்காதா என்றுதான். உள்ளே குஞ்சுகள் எல்லாம் முழுசாக இருந்தன, இறகோடு, அலகோடு. சில ஓட்டைக் கொத்தித் துளை போட ஆரம்பித்துவிட்டு அப்படியே நின்றுபோயிருந்தன. அவள் புருஷன் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னாலதான்" என்றாள். தப்பு முழுக்கத் தன்னுடையது, தெரியாமல் தெரிந்த மாதிரி பேசிவிட்டேன், என்னைத் திட்டு என்றெல்லாம் சொன்னாள். அழுதாள். தங்கச்சி கையில் இருந்த முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டுக் குழியில் போட்டாள்.

"சாப்பிட்டியா அக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

திட்டியிருக்கலாம். எனக்குத் தங்கச்சி மேல் கோபம் அதனால்தான். நாலு வார்த்தை கத்தியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுது, ஒரு மாதத்தில் சரியாகியிருக்கும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பண்ணைக்காரர்களிடம் போய் நின்றாள், சமாதானம் சொன்னாள். ஒரு பொறியை மூடிப்போட்டாள், மற்றதை மறுபடி ஆரம்பித்தாள். அக்காவுக்குப் போன் பண்ணுவதையும் நிறுத்தவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வாள், காய்ச்சல் விட்டது என்று சொல்வாள். எந்த டாக்டரிடம் போவது என்று மட்டும் கேட்கமாட்டாள். அக்காவுக்கு அது புரியச் சில மாதங்கள் ஆனது. ஒருநாள் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, "அவ இப்போ சொல்றா. கேக்கறதில்லை" என்றாள். நான் டிக்கெட் கட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் அவள் அந்த வழக்கத்தை ஆரம்பித்தாள். விளக்கம் சொல்ல உள்ளே போகும்போது போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். தங்கச்சி கூப்பிட்டால் மட்டும் வந்து சொல், வேறு யார் கூப்பிட்டாலும் அடிக்கட்டும் என்றாள். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு இனிமேல் அவளுக்குப் பதில் சொல்லமாட்டாளாம். வெளியே வந்து, உட்கார்ந்து, யோசித்துத்தான் சொல்வாளாம். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்வாளாம். இதையெல்லாம் என்னிடம் எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவள் கேட்கவில்லையே.

அடுத்தது மேனேஜரோடு சண்டை. சூரியன் மேசையை மாற்ற வேண்டும் என்றாள். வீட்டில் இருக்கிற மாதிரியே சின்னதாக ஒரு பெட்டி, ஒரு லைன், லைனை அணைக்க ஒரு சுவிட்ச். சுவிட்சை அணைத்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பல்பு அணைய வேண்டும். மேனேஜர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைகள் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போக வேண்டாமா, அணைகிற பல்பைப் பார்க்கவா டிக்கெட் வாங்கி வருகிறார்கள் என்றார். அவள் இத்தனை வருஷத்தில் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. "எரியறதை மட்டும் காட்டி அனுப்பினா அது பாதிதான் சார். பாதி தெரிஞ்சவங்க பேச்சைக் கேட்டுத்தான் ஜனங்க கூரை மேல ஏறுறாங்க" என்றாள். அவர் மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இப்போது சூரியன் மேசையில் கைதட்டல் வருவதில்லை. அக்கா சுவிட்சை அணைப்பாள், பல்பு அணையும். "ஐயோ" என்று ஒரு சத்தம் வரும். ஏன் அணைந்தது என்று அவளே கேட்பாள். யாருக்கும் தெரியாது. லைன்மேன் கதையைச் சொல்வாள். பிறகு பேட்டரியைச் சேர்த்து, சுவிட்சைத் திருப்பி, மறுபடி எரியவைப்பாள். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டீச்சர் அவசரப்படுத்துவார்.

ஒருநாள் தங்கச்சி வந்தாள். அவள் மகளின் வகுப்பை எங்கள் கூடத்துக்குக் கூட்டிவந்தார்கள், துணைக்கு இரண்டு மூன்று தாய்மார்களும் வந்திருந்தார்கள். வரப்போவதை அக்காவிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பின்னால் சுவரோரம் நின்றாள். அக்கா அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறியது எனக்குக் குரலிலேயே தெரிந்தது. தண்ணீர், காற்று, வாயு என்று வந்து சூரியன் மேசைக்கு வந்தாள். சுவிட்சை அணைத்தாள்.

"வெயில் அடிக்குது. தகட்டுல தூசி இல்லை. ஏன் அணைஞ்சுது?"

நான் கதவைத் தள்ளிப் பார்த்தேன். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்திலேயே பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முடிந்ததும் பிள்ளைகள் வெளியே ஓடின. அக்கா கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே தங்கச்சியிடம் வந்தாள். என் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்று பேசினார்கள். கூரைத் தகட்டுக்குப் பேட்டரி போட்டுக்கொடுக்கத் தான் ஏற்பாடு செய்வதாக அக்கா சொன்னாள். போட்டாகிவிட்டது என்றாள் தங்கச்சி. மூடியிருந்த பொறியையும் மறுபடி ஓட்டுகிறேன், முட்டை வைத்திருக்கிறேன் என்றாள்.

"யார்கிட்ட கேட்டே?" என்றாள் அக்கா.

"கடைக்காரர்கிட்டதான்."

அக்கா தலையாட்டினாள். ரொம்ப சரி, அவருக்குத்தான் தெரியும், அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று வேகமாகச் சொன்னாள். மகள் வாசலிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். தங்கச்சி புறப்பட்டவள் திரும்பி, அக்காவின் தோளில் கை வைத்தாள்.

"நீ நல்லா சொல்லித் தர்றே அக்கா. அன்னைக்கும் நல்லாத்தான் சொன்னே. கைதட்டறது எனக்கும் கேட்டுச்சு."

குத்திக்காட்டச் சொன்ன மாதிரி இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். தங்கச்சியின் பார்வை என் மேசையில் கிடந்த போன் மேல் விழுந்தது. அது அக்காவுடையதுதானே, ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டாள். மூக்கை நுழைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன். எதற்காக வைத்துவிட்டுப் போகிறாள், யாருடைய போனுக்கு மட்டும் நான் எழுந்து ஓட வேண்டும் என்பதைச் சொன்னேன். அது வேலை நேரத்தில் அடித்து என்னை ஓடவைத்து எத்தனை நாளாகிறது என்பதையும் சொன்னேன். தங்கச்சி அந்தப் போனை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரத்துக்கெல்லாம் ஒரு காலை வேளை அந்தப் போன் அடித்தது. தங்கச்சி. அவள் இப்போதெல்லாம் சாயங்காலம்தான் கூப்பிடுவாள், வேலை நேரத்தில் கூப்பிட்டுப் பல மாதமாகிறது. நான் கையில் இருந்த டிக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அக்கா அப்போதுதான் சுவிட்சை அணைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, பிள்ளைகளிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு வந்தாள். போனை வாங்கி, வெளிவாசல் படியில் போய் உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றாள். ரொம்ப நிதானமாக, என்ன கேட்டாலும் யோசித்துச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிம்மா" என்றாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள். எழுந்து வந்தாள்.

"என்ன கேட்டா?" என்றேன், ஆவலை அடக்க முடியாமல்.

"ஒண்ணும் கேக்கலை. ரெண்டு பொறியிலயும் குஞ்சு பொரிச்சிருச்சாம். சொன்னா."

போனை மறுபடி என் மேசையில், பழைய இடத்திலேயே வைத்தாள். உள்ளே பிள்ளைகள், பல்பு ஏன் அணைந்தது, அக்கா எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் போய்ச் சொல்ல ஆரம்பித்தாள்.